கர்ணநாதமும் கும்மிடிப்பூண்டியும்

திருவள்ளூரில் பள்ளிகொண்டிருக்கும் வீரராகவப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்றொரு திருநாமம் உண்டு. தீராத பிணியுள்ளவர்கள் அமாவாசை நாளில் அங்கே வந்து, ஹிருத்தாபநாசினி என்ற திருக்குளத்தில் வெல்லத்தைக் கரைத்துவிட்டு, நோயுற்ற அங்கத்தின் உருவம் பொறித்த சிறு தகட்டைக் காணிக்கையாகச் செலுத்தித் திரும்புவது இந்த வட்டாரத்தில் நெடுங்கால வழக்கம். அந்தத் தகடுகளில் காதுக்கும் இடமுண்டு. கண்ணுக்காகச் செலுத்துகிறவரின் கண் சிவந்திருப்பதும், காலுக்காகச் செலுத்துகிறவர் சாய்ந்து நடப்பதும் வரிசையில் நிற்கிற பிறருக்குத் தெரியும். காதுக்குள் ஓயாமல் ஒலிக்கிற சப்தத்துக்காக வந்து நிற்கிறவரின் உபாதைக்கோ அவர் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சியமே கிடையாது. காதிரைச்சலுக்கு மனிதன் தேடிய சிகிச்சைகளின் சரித்திரத்தில் பாதி, இந்தச் சாட்சியமின்மையால் விளைந்த சரித்திரம்; மறு பாதி, நோயாளி நேரத்தில் வைத்தியரிடம் வந்து சேராமையால் விளைந்தது. இரண்டையும் சேர்த்துக் காண்பதற்குத் திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரையிலான பிரதேசத்தைப்போல் வசதியான இடம் தமிழ்நாட்டில் அதிகமில்லை என்பது என் அபிப்பிராயம்.

திருவள்ளூர் மாவட்டம் என்ற தனிப் பிரிவு 1997இல்தான் ஏற்பட்டது. அதற்கு முன் இதன் பெரும்பகுதி செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகளோ 1960 ஏப்ரலில் ஆந்திரத்திடமிருந்து சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பியவை. ஏரிப் பாசனமும் நெல்லும் ஆடுமாடும் தறியுமாக இருந்த இந்த நாட்டில், காதிரைச்சல் என்பது பெரும்பாலும் முதுமையில் வரும் உபாதையாகவே கருதப்பட்டு வந்தது. அதற்குரிய வைத்தியமும் முதுமைக்குரிய நிதானத்தோடு நடந்தது.

அந்த வைத்தியத்தின் சாஸ்திர மூலத்தைத் தேடினால் சுசுருத சம்ஹிதையின் உத்தர தந்திரத்துக்குச் செல்ல வேண்டும். காதில் தோன்றும் நோய்கள் இருபத்தெட்டு என்று கணக்கிடும் அந்த நூல், கர்ணசூலை என்ற காதுவலியை அடுத்துக் கர்ணநாதத்தை வைத்து, பேரிகை, மிருதங்கம், சங்கு முதலியவற்றின் ஓசைகள் வெளியே இல்லாமல் உள்ளே கேட்பதை அதற்கு லட்சணமாகச் சொல்கிறது. புல்லாங்குழலின் ஓசைபோல் மெல்லியதாக எழும் இன்னொரு வகையைக் கர்ணக்ஷ்வேடம் என்று தனியே பிரிக்கிறது. வாதம் தன் வழியை விட்டு விலகிச் சப்தத்தைக் கொண்டுசெல்லும் நாடிகளில் புகுந்துகொள்வதே காரணம் என்று தீர்மானிக்கிறது. காரணத்தைப் பற்றி இன்று நாம் வேறுவிதமாகப் பேசலாம். ஆனால் கனத்த ஓசை, மெல்லிய ஓசை என்று நோயாளியின் சொல்லையே ஆதாரமாகக்கொண்டு வகை பிரித்த அந்தப் பொறுமையை, நோயாளி சொல்லி முடிப்பதற்குள் சீட்டெழுதி முடிக்கும் வைத்தியர்கள் பலரிடம் இன்று காண முடிவதில்லை.

சிகிச்சை என்று வந்தால் எண்ணெயே பிரதானம். கர்ணபூரணம் என்பது அதன் பெயர். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, காதைச் சுற்றி இதமாக ஒற்றடம் கொடுத்து, கை பொறுக்கும் சூட்டில் தைலத்தைத் துளித்துளியாக விட்டுக் காதை நிரப்பி, காதின் அடிப்புறத்தை விரலால் மெல்லத் தேய்த்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே இருக்கவைத்து, பிறகு மறுபக்கம் திரும்பச் சொல்லித் துணியில் வடிப்பார்கள். நாயுருவிச் சாம்பலிலிருந்து எடுத்த க்ஷாரம் சேர்ந்த தைலம், வில்வத் தைலம் முதலியன ஆயுர்வேதத்தில் பேர்பெற்றவை. தமிழ் வைத்தியர்களிடம் சுக்குத் தைலத்துக்கு மதிப்பு அதிகம். ஒன்றும் இல்லாத வீட்டில் நல்லெண்ணெயில் இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி ஆறவைத்து விடுவதும் உண்டு. காது அழுக்கு இறுகி அடைத்ததனால் உண்டான இரைச்சலாயின், எண்ணெயில் ஊறி அழுக்கு இளகியதும் சப்தம் தணிந்துவிடும்; அவ்வாறு தணிந்த நாலு பேரின் அனுபவமே, தணியாத நாற்பது பேருக்கும் அந்த வைத்தியத்தைச் சிபாரிசு செய்ய ஊருக்குப் போதுமானதாயிருந்தது. செவிப்பறையில் ஓட்டையுள்ள காதில் இதே எண்ணெய் சீழைக் கிளப்பிவிடும் என்பதை ஆஸ்பத்திரி டாக்டர்கள் எத்தனையோ காலமாகச் சொல்லியும், சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்தோடு காதுக்கும் இரண்டு சொட்டு விடும் பழக்கம் இன்னும் முற்றாகப் போகவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. திருமூலர் திருமந்திரத்தில், யோகத்தில் நிலைத்தவனுக்கு உள்ளே பத்து வகை நாதங்கள் கேட்கும் என்று கூறப்படுகிறது. மணியும் கடலும் சங்கும் பேரிகையும் அவற்றுள் அடங்கும். வைத்திய நூல் எதை நோயின் லட்சணம் என்று எழுதியதோ, ஏறக்குறைய அதையே யோக நூல் சித்தியின் அடையாளமாக எழுதியிருக்கிறது. 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், கேள்விக்குறை ஏதும் இல்லாத எண்பது பேரை ஒலிபுகாத அறையில் சில நிமிஷங்கள் இருக்கச் செய்து என்ன கேட்கிறது என்று விசாரித்ததில், நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு விகிதத்தினர் ஏதோ ஒரு சப்தம் கேட்பதாகக் கூறினார்கள். நாதம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. சிலருக்கு அது ஏன் ஓயாத உபத்திரவமாகிறது என்பதே கேள்வியாக நிற்க வேண்டியது என்று அப்போது தெளிவாயிற்று. அந்தத் தெளிவு சிகிச்சை முறையாக உருவெடுக்க மேலும் நாற்பது வருஷம் பிடித்தது.

மருந்தே காதிரைச்சலைத் தரும் என்ற அனுபவம் நம் மக்களுக்குக் குளிர்ஜுரத்தோடு வந்தது. 1860இல் நீலகிரியில் சிங்கோனா பயிராகத் தொடங்கியதற்குப் பின், நடுவட்டத்து ஆலையில் எடுத்த கொய்னா, மலேரியா பரவிய இடங்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. அதைப் போதிய அளவு உட்கொண்டவர்களுக்கு ஜுரம் விடும்போதே இரண்டு காதும் இரைய ஆரம்பிக்கும். மருந்து பிடித்துவிட்டது என்பதற்கு அதையே அடையாளமாகக் கொண்டவர்களும் உண்டு. மருந்தை நிறுத்தினால் இரைச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும் என்பதனால் இதை யாரும் நோயாக எண்ணவில்லை. ஆனால் இதே கதை பிற்பாடு காசநோய் மருந்துகளில் வேறுவிதமாக முடிந்தது. அதற்கும் திருவள்ளூருக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு.

காசநோய் ஆராய்ச்சியில் இந்த மாவட்டத்தின் கிராமங்கள் உலகப் பிரசித்தி பெற்றவை. 1968இல் செங்கற்பட்டு ஜில்லாவில் தொடங்கிய பெரிய பி.சி.ஜி. தடுப்பூசிப் பரிசோதனை நடந்த நிலம் இதுதான். 1956இல் சென்னையில் ஏற்பட்டுப் பின்னர் காசநோய் ஆராய்ச்சி மையம் என்று பெயர் பெற்ற சேத்துப்பட்டு நிலையத்தார், 1999இல் நேரடிக் கண்காணிப்பில் மருந்து கொடுக்கும் திட்டத்தை இந்த மாவட்டத்திலேதான் மாதிரித் திட்டமாக நடத்தினார்கள். ஒருமுறை மருந்து சாப்பிட்டு நோய் திரும்பியவர்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும், பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத காசநோய்க்குக் கானமைசின் ஊசியும் மாதக்கணக்கில் போட வேண்டியிருந்தது. உட்காதில் ஒலியலையை நரம்புச் சமிக்ஞையாக மாற்றும் நுண்மயிர் உயிரணுக்களை இந்த மருந்துகள் அழிக்கும். அவை ஒருமுறை அழிந்தால் மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. காது இரைகிறது என்று நோயாளி முதல் தடவை சொன்ன அன்றே கேள்விப் பரிசோதனை செய்து ஊசியை மாற்றினால் காது தப்பக்கூடும். ஊசி முடியட்டும் என்று காத்திருந்தால் நுரையீரல் பிழைத்துக் காது போகும். உலக சுகாதார நிறுவனம் 2018இல் கானமைசினைக் கைவிடச் சொல்லி, வாய்வழி மருந்துகளை முன்வைத்த பிறகு இந்தச் சங்கடம் பெரும்பாலும் தீர்ந்தது. காதிரைச்சலில் ஆரம்ப ஸ்திதிக்கும் நாட்பட்ட ஸ்திதிக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடப் பிரத்தியட்சமாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது அரிது.

இனி ஆலைகளுக்கு வருவோம். 1856 ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் ரயில் ஆவடி, திருவள்ளூர் வழியாகவே ஓடிற்று. அதே காலத்தில் பெரம்பூரில் எழுந்த ரயில்வே பட்டறை, வில்லிவாக்கம் தொட்டுத் திருவள்ளூர் வரையுள்ள ஊர்களின் ஆடவர்களைச் சம்மட்டிக்கும் ரிவெட்டுக்கும் பழக்கிற்று. நீராவிக் கொதிகலத்துக்குள் ஒருவன் குனிந்து உட்கார்ந்து ரிவெட்டின் தலையைத் தாங்கிப் பிடிக்க, வெளியிலிருந்து மற்றவர்கள் அறையும் அந்த வேலையின் கொடுமையை உலகறியச் செய்தவர் கிளாஸ்கோ நகரத்துத் தாமஸ் பார் என்ற காது வைத்தியர். 1886இல் அவர் நூறு கொதிகலத் தொழிலாளரைப் பரிசோதித்து, தபால்காரர் முதலிய பிறரோடு ஒப்பிட்டபோது, அந்த நூறு பேரில் ஒருவருக்குக்கூடக் கேள்வி இயல்பாக இல்லை என்று கண்டார்.

சுதந்தரத்துக்குப் பின் வந்த முப்பது ஆண்டுகளில் சென்னைக்கு வடக்கும் மேற்கும் உள்ள நிலம் முழுவதும் ஒரு தொழிற்கூடமாகவே மாறிற்று. அம்பத்தூரில் சைக்கிள் ஆலை 1949இல் நிறுவப்பட்டது. திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் 1955இல் வந்தது. ஆவடியில் 1961இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை நாலைந்து வருஷத்தில் விஜயந்தா டாங்கியை உருட்டி வெளியே கொண்டுவந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை திறந்தது. மேற்கே பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கங்களில் கைத்தறி இருந்த கூடங்களில் விசைத்தறி புகுந்தது. கைத்தறியின் ஓசை நெசவாளியின் கைக்கு அடங்கியது. அவன் நிறுத்தினால் நிற்பது. விசைத்தறியில் ஓடம் இருபுறமும் மோதும் மோதல், தகரக் கூரையில் பட்டுத் திரும்பி, பத்துத் தறி ஓடும் கூடத்தில் மனிதக் குரலை விழுங்கிவிடும். அந்தக் கூடங்களில் இருப்பவர்கள் உதட்டசைவைப் பார்த்தும் கைஜாடையாலும் பேசிக்கொள்வார்கள். வீட்டிலும் அதே உரத்த குரலில் பேசி, பெண்டு பிள்ளைகளிடம் ஏச்சு வாங்குவதும் உண்டு.

கும்மிடிப்பூண்டி இவற்றுக்கெல்லாம் பிந்தி வந்தது. ஆந்திர எல்லைக்கு அருகே, பொன்னேரியைத் தாண்டி, கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் இணையாக ஓடும் இடத்தில் அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட் அமைத்த வளாகத்தில் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பியாக உருட்டும் ஆலைகள் வந்து குவிந்தன. அத்தகைய ரோலிங் மில் ஒன்றின் உள்ளே நின்றால் சப்தம் ஒன்றல்ல, பல என்பது முதலில் விளங்கும். காந்தக் கிரேன் அள்ளிவந்த ஸ்கிராப்பைத் தொட்டியில் உதறும்போது இடி. உலையின் அடித்தொண்டை உறுமல். செந்நிறமாகக் காய்ந்த பில்லட் என்னும் இரும்புக் கட்டை உருளைகளுக்கிடையே நுழையும்போது ஒரு குதிப்பு. நீண்டு பாம்பாக வெளிவரும் கம்பியைப் பழைய மில்களில் ஒருவர் இடுக்கியால் கவ்வி, உடலைத் திருப்பி, அடுத்த உருளைக்குள் செருக வேண்டும். முடிவில் வட்ட ரம்பம் அதன் நுனியை அறுக்கும்போது எழும் கிறீச்சொலியும், அறுந்த கம்பிகள் ஆறும் மேடையில் ஒன்றன்மேலொன்று விழும் கணீரொலியும். இடுக்கி பிடிப்பவருடைய கவனம் முழுவதும் காலைச் சுற்றிக்கொள்ளக்கூடிய கம்பியின் மேலிருக்கும். காதைப் பற்றிய நினைவு அவருக்கு வருவது ஷிப்டு முடிந்து, குளித்து, இரவில் விளக்கணைத்துப் படுத்த பிறகு. அப்போதுதான் உள்ளே ‘குய்’ என்று கேட்கும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் தணிந்து, திங்கட்கிழமை இரவு திரும்பும். சில மாதத்தில் ஞாயிற்றுக்கிழமையும் தணியாது.

காதில் பஞ்சு வைத்துக்கொள்வதே அவர் அறிந்த தற்காப்பு. உலர்ந்த பஞ்சு தடுக்கும் சப்தம் மிகச் சொற்பம். ஆனால் வைத்துக்கொண்டோம் என்ற திருப்தியைத் தந்துவிடுகிறது. நுரையாலான காதடைப்பான்களைக் கம்பெனிகள் கொடுப்பதுண்டு. அதை விரலால் மெல்லிதாக உருட்டி, மறுகையால் காதை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை விரலை எடுக்காமல் நின்றால்தான் பயன். எண்ணெய்ப் பிசுக்கேறிய கையோடு உலை முன் நிற்கிறவரிடம் இத்தனை ஆசாரத்தை எதிர்பார்ப்பது எளிதல்ல. அதோடு, மேலே கிரேன் வரும் எச்சரிக்கை மணி கேளாமற்போகுமோ என்ற பயமும் நியாயமானதே.

சட்டம் என்ன செய்தது என்று கேட்கலாம். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம், அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களுக்கென்று மூன்றாவது அட்டவணை ஒன்றை வைத்திருந்தது. ஈயம், பாதரசம், ஆந்திராக்ஸ் முதலியவற்றோடு தொடங்கிய அந்தப் பட்டியலில் இரைச்சலால் உண்டாகும் செவிட்டுத்தன்மை பிற்காலத் திருத்தத்தில்தான் இடம்பெற்றது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது இங்கே வழங்கும் வரம்பு. மேனாடுகளில் பல 85க்கு இறங்கிவிட்டன. மூன்று டெசிபல் ஏறினால் ஒலியின் சக்தி இருமடங்காகும் என்பதை நினைத்துக்கொண்டால், ஐந்து டெசிபல் வித்தியாசம் அற்பமானதல்ல என்பது விளங்கும். இ.எஸ்.ஐ. என்று எல்லோரும் சொல்லும் தொழிலாளர் காப்புறுதித் திட்டம் இந்த ராஜ்யத்தில் 1955 ஜனவரியில் கோயம்புத்தூரில் தொடங்கிற்று. வடசென்னைத் தொழிலாளருக்கு அதன் பெரிய ஆஸ்பத்திரி அயனாவரத்தில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து அயனாவரம் போய் வர ஒரு நாள் கூலி போகும். காது ‘குய்’ என்கிறது என்பதற்காக ஒரு நாள் கூலியை யார் இழப்பார்?

எனவே அவர் மருந்துக் கடைக்குப் போகிறார். கடைக்காரர் தலைச்சுற்றல் மாத்திரை ஒன்றைக் கொடுக்கிறார். பிறகு யாரோ சொல்லி எண்ணெய். பிறகு பெருமாளுக்கு வேண்டுதல். கடைசியில் ஒலிபுகாத சிறு அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்கார வைக்கப்படும்போது பெரும்பாலும் வருஷங்கள் கடந்திருக்கும். அந்த அறையில் நடப்பதைப் பார்த்தால் இந்த நோயின் இயல்பு நன்றாக விளங்கும். சப்தம் கேட்டால் பட்டனை அழுத்து என்கிறார் பரிசோதகர். நாட்பட்ட இரைச்சல் உள்ளவர், சப்தமே அனுப்பாத நேரத்திலும் அழுத்துவார்; ஏனெனில் அவருக்குள் கேட்பதும் கருவி அனுப்புவதும் ஏறக்குறைய ஒரே சுருதி. அதனால் பரிசோதகர் விட்டுவிட்டு ஒலிக்கும் சப்தத்தை அனுப்பி, எது உன்னுடையது, எது என்னுடையது என்று பிரித்தறியச் செய்ய வேண்டியிருக்கிறது. முடிவில் வரும் படத்தில் 4000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளமாக இறங்கியிருக்கும். அந்தப் பள்ளத்தை அளந்து நஷ்டஈடு கணக்கிடலாம். இரைச்சலையோ எந்தக் கோடும் காட்டாது.

ஆரம்ப நாட்களில் வந்திருந்தால் என்ன செய்திருக்க முடியும்? சில காரணங்களுக்குக் கைமேல் பலனுண்டு. அழுக்கு அடைப்பை எடுத்தால் தீரும்; நடுக்காதில் நீர் கோத்ததை வற்றச் செய்தால் தீரும்; நடுக்காதின் அங்கவடி எலும்பு இறுகிப்போன நோய்க்கு 1956இல் அமெரிக்காவின் ஜான் ஷே செய்துகாட்டிய சத்திர சிகிச்சை, கேள்வியை மீட்பதோடு பலருக்கு இரைச்சலையும் குறைத்தது. நாடித் துடிப்போடு ஒத்து ஒலிக்கிற இரைச்சலாயின் ரத்தக்குழாய்களைச் சோதிக்க வேண்டும். திடீரென்று ஒரு காது மந்தித்து, கூடவே இரைச்சல் எழுந்தால், முதல் இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு கொடுப்பதே இன்று வழக்கம். அது கடந்தால் ஆறு வாரம் வரை செவிப்பறை வழியாக ஊசியில் செலுத்திப் பார்ப்பார்கள். அதற்கு மேல் காலம் கடந்ததென்றே கொள்ள வேண்டும். கேஸ் சிலிண்டர் வெடித்தாலோ காதருகே பட்டாசு வெடித்தாலோ அன்றே ஓடிவருகிறவர்கள், மெல்லமெல்ல ஏறுகிற ஆலை இரைச்சலுக்கு ஓடிவருவதில்லை.

ஆறு மாதம் கடந்ததை நாட்பட்டது என்பர். அதற்கு மருந்து தேடிய வரலாறு பெரும்பாலும் ஏமாற்றங்களின் வரலாறு. உட்காதின் சமநிலை ஆராய்ச்சிக்காக 1914ஆம் வருஷத்து நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாரானி, மரத்துப்போகச் செய்யும் மருந்தை மூக்கில் ஊசி போட்டபோது காதிரைச்சல் அடங்கியதைத் தற்செயலாகக் கண்டு 1935இல் எழுதினார். பிற்பாடு அதே வகை மருந்தான லிக்னோகெயினை ரத்தக்குழாயில் ஏற்றிப் பார்த்தபோது அது பலருக்கு உண்மையாகவே அடங்கிற்று. ஆனால் மருந்து உடலிலிருக்கும் சிறிது நேரத்துக்கு மட்டும். அதே குணமுள்ள மாத்திரையைச் செய்து கொடுத்ததில் பலனைவிட உபத்திரவம் மிகுந்தது. கேள்வி நரம்பையே வெட்டிப் பார்த்தவர்களும் உண்டு. வெட்டிய பிறகும் பலருக்கு இரைச்சல் நிற்கவில்லை. காது இல்லாமலே காதிரைச்சல் கேட்கிறதென்றால், அது காதிலிருந்து தொடங்கி மூளையில் குடியேறிவிட்டது என்று பொருள். வரவேண்டிய ஒலி வராமற்போன இடத்தில் மூளை தன் கவனத்தைத் தீட்டித் தீட்டி, நரம்புகளின் இயல்பான சலசலப்பையே சப்தமாகக் கேட்கிறது. இன்று மருந்துச் சீட்டுகளில் சர்வசாதாரணமாக இடம்பெறும் பீட்டாஹிஸ்டின், ஜிங்கோ முதலியவற்றால் இந்த இரைச்சல் தணிகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரமில்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை வைத்தியர் சங்கம் 2014இல் வெளியிட்ட நெறிமுறை, ஜிங்கோவையும் துத்தநாகத்தையும் இதற்குக் கொடுக்க வேண்டாமென்றே சொல்கிறது.

இன்னொரு வழி பழமையானது. பெரிய ஓசை சிறிய ஓசையைத் துரத்துகிறது, அதனால்தான் வெளியே சப்தம் செய்தால் காதிரைச்சல் நிற்கிறது என்று அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் நூலொன்றில் காணப்படுகிறது. பாரிஸில் செவிட்டூமைக் குழந்தைகளின் பள்ளிக்கு வைத்தியராயிருந்த இத்தார் 1821இல் வெளியிட்ட நூலில் இதையே சிகிச்சையாக்கினார்: உறுமும் இரைச்சலுள்ளவர் கொழுந்துவிட்டெரியும் கணப்பருகே இருக்கட்டும், சீறும் இரைச்சலுள்ளவர் ஈரவிறகை எரிக்கட்டும், மணியொலி கேட்பவர் செப்புக் கிண்ணத்தில் நீர் சொட்டும்படி தொங்கவிட்டுக்கொள்ளட்டும் என்றார். 1970களில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஜாக் வெர்னன் என்ற ஆராய்ச்சியாளரோடு நடந்துசென்ற நோயாளி ஒருவர் ஒரு நீரூற்றருகே நின்றுவிட்டு அங்கிருந்து நகர மறுத்தாராம். அந்த நீரோசையில் அவருடைய இரைச்சல் கேட்கவில்லை. அதிலிருந்தே காதில் அணியும் மறைப்பொலிக் கருவி பிறந்தது. இத்தாரையும் வெர்னனையும் கேள்விப்படாத கும்மிடிப்பூண்டித் தொழிலாளி, மார்கழிக் குளிரிலும் மின்விசிறியை ஓடவிட்டுப் படுப்பதையும், ரேடியோவில் நிலையம் பிடிபடாத சலசலப்பைத் தாழ்ந்த குரலில் வைத்துக்கொண்டு உறங்குவதையும் நான் இந்தச் சரித்திரத்தின் ஒரு அத்தியாயமாகவே கருதுகிறேன்.

1990இல் ஜாஸ்ட்ரிபாப் என்ற ஆராய்ச்சியாளர் இதை ஒரு படி திருத்தினார். இரைச்சலை மூழ்கடிக்க வேண்டாம். அது கேட்கிற அளவுக்கே வெளியொலியைத் தாழ்த்தி வையுங்கள். இது ஆபத்தின் அறிகுறியல்ல என்று நோயாளிக்கு விளங்கும்படி பேசுங்கள். ஒன்று இரண்டு வருஷத்தில் மூளை அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும் என்றார். இதே நோக்கத்தோடு வளர்ந்த மனநல முறையான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கே இன்று வலுவான ஆதாரம் இருக்கிறது. இரைச்சலின் அளவு அதனால் குறைவதில்லை. அது தரும் துன்பமும் தூக்கமின்மையும் குறைகின்றன. கேள்வி மங்கியவருக்குச் செவிக்கருவி பொருத்தினால் வெளியுலகின் ஓசைகள் திரும்பி வந்து உள்ளோசையைப் பின்னுக்குத் தள்ளும். 2023இல் அமெரிக்க அரசு அனுமதித்த ஒரு கருவி, காதுக்கு ஒலியும் நாவுக்கு மெல்லிய மின்துடிப்பும் சேர்த்துக் கொடுக்கிறது; அதன் விலை ரோலிங் மில் தொழிலாளிக்கு எட்டாதது.

2022 ஜனவரியில் திருவள்ளூருக்கும் ஒரு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஒரு நாள் கூலியை இழந்து அயனாவரம் போக வேண்டியிருந்த காலம் மாறக்கூடும். ஆனால் ஆலைகளும் இதற்குள் மாறிவிட்டன. இடுக்கி பிடிக்கிறவரும் ஸ்கிராப் தள்ளுகிறவரும் இப்போது பெரும்பாலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்து இளைஞர்கள். காண்டிராக்டரின் பெயரேட்டில் இருப்பவர்கள். ஆறு மாதத்துக்கொரு ஆலை மாறுகிறவர்கள். சத் பூஜைக்கு ஊர் போனால் திரும்புவார்களோ மாட்டார்களோ தெரியாதவர்கள். ஸ்டீராய்டு மாத்திரைக்குப் பாஷை தேவையில்லை. வாரந்தோறும் ஒரு மணி நேரம் எதிரே உட்காரவைத்து, இரவில் என்ன நினைத்துப் பயப்படுகிறாய் என்று கேட்டு, அந்தப் பயத்தை மெல்ல அவிழ்க்கிற சிகிச்சைக்கோ போஜ்புரியும் ஒடியாவும் தெரிந்த ஒருவர் வேண்டும். கும்மிடிப்பூண்டியில் அந்த வேலைக்கு இப்போது கிடைக்கிறவர், பெரும்பாலும், அதே அறையில் தங்கியிருக்கும், இரண்டு வருஷம் முன்னதாக வந்து தமிழ் கற்றுக்கொண்ட, காதிரைச்சலுள்ள இன்னொரு தொழிலாளி.